குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஏன் ஒரு மெடல்கூட இல்லை? 16 பேரின் கணக்கு சொல்லும் பதில்

2026 பிப்ரவரி 6-ம் தேதி இத்தாலியின் மிலான், கோர்டினா நகரங்களில் குளிர்கால ஒலிம்பிக் தொடங்குகிறது. மொத்தம் 116 தங்கப் பதக்கங்கள். அந்த இரண்டு வாரத்தில் ஏதோ ஒரு நாள் உங்கள் போனில் ஒரு நோட்டிஃபிகேஷன் வரலாம். இந்திய வீரர் ஒருவர் நாற்பத்து சொச்சமாவது இடம் பிடித்தார் என்று இருக்கும். அடுத்த ஐந்து நிமிடத்தில் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒருவர் கேட்பார்: "140 கோடி பேர் இருக்கிற நாட்டுல ஒரு மெடல் வாங்க ஆள் இல்லையா?"

நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் அந்தக் கேள்வியில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்தியா அனுப்பியது 140 கோடி பேரை அல்ல. 1964 முதல் 2022 வரை அனுப்பியது மொத்தம் 16 பேரை. அந்த 16 பேரின் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் மெடல் ஏன் வரவில்லை என்பதும், வர வேண்டும் என்றால் எங்கே தேட வேண்டும் என்பதும் ஓரளவு புரியும்.

இதுவரை போனவர்கள் யார்?

இந்தியா முதன்முதலில் குளிர்கால ஒலிம்பிக்கில் இறங்கியது 1964-ல், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில். போனவர் ஒரே ஒருவர்: போலந்தில் பிறந்து இந்தியாவுக்காக ஆடிய பனிச்சறுக்கு வீரர் ஜெர்மி புஜாகோவ்ஸ்கி. 1968-லும் அவர் மட்டும்தான். அதன் பிறகு 20 வருடம் யாரும் இல்லை. 1988-ல் கனடாவின் கல்கரிக்கு மூன்று பேர் போனார்கள். அதில் ஒருவரான ஷைலஜா குமார்தான் குளிர்கால ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் இந்தியப் பெண்.

1964 முதல் 2022 வரை 11 குளிர்கால ஒலிம்பிக்குகளில் இந்தியா கலந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் போனவர்களின் எண்ணிக்கை இது:

- 1964: 1
- 1968: 1
- 1988: 3
- 1992: 2
- 1998: 1
- 2002: 1
- 2006: 4
- 2010: 3
- 2014: 3
- 2018: 2
- 2022: 1

கூட்டினால் 22 வருகிறது. ஆனால் ஒரே ஆள் பல முறை போனதைக் கழித்தால் மிஞ்சுவது 16 பேர். அந்த 22-ல் 6 முறை போனவர் ஒருவரே: லூஜ் வீரர் சிவ கேசவன். 16 பேரில் பெண்கள் இரண்டே இரண்டு பேர், ஷைலஜா குமாரும் 2006-ல் போன நேஹா அஹுஜாவும்.

ஒரு ஒப்பீட்டுக்கு: 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு மட்டும் இந்தியா 117 பேரை அனுப்பியது, ஆறு மெடல் வந்தது. அங்கே வெண்கலம் வென்ற ஆண்கள் ஹாக்கி அணியில் மட்டும் 16 வீரர்கள். அரை நூற்றாண்டுக்கு மேலான குளிர்கால ஒலிம்பிக் வரலாறும், ஒரே ஒரு ஹாக்கி அணியும் இங்கே ஒரே எண்.

இன்னொரு எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 பெய்ஜிங்கில் 91 நாடுகள் கலந்துகொண்டன. மெடல் வாங்கியது 29 நாடுகள். மீதி 62 நாடுகள் வெறும் கையோடுதான் வீடு திரும்பின. அதாவது குளிர்கால ஒலிம்பிக்கில் மெடல் இல்லாமல் வருவதுதான் பெரும்பாலான நாடுகளுக்கு நடப்பது.

45-வது இடம் என்றால் மோசமா?

2022 பெய்ஜிங்குக்கு இந்தியா சார்பில் போன ஒரே வீரர், காஷ்மீரின் குல்மார்க் பகுதியைச் சேர்ந்த ஆரிஃப் கான். அவருடைய அப்பா அங்கே பனிச்சறுக்குச் சாமான் கடை நடத்துபவர். ஜெயன்ட் ஸ்லாலம், ஸ்லாலம் என்ற இரண்டு போட்டிகளில் ஆரிஃப் இறங்கினார். இரண்டுமே மலைச்சரிவில் நட்டு வைத்த கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் போட்டிகள்தான். ஸ்லாலத்தில் கம்பங்கள் நெருக்கமாக இருக்கும், ஜெயன்ட் ஸ்லாலத்தில் தள்ளித் தள்ளி இருக்கும். இரண்டு சுற்று இறங்க வேண்டும். இரண்டு நேரத்தையும் கூட்டித்தான் இடம் முடிவாகும்.

பிப்ரவரி 13 அன்று ஜெயன்ட் ஸ்லாலத்தில் ஆரிஃப் எடுத்துக்கொண்ட மொத்த நேரம் 2 நிமிடம் 47.24 விநாடி. தங்கம் வென்ற சுவிட்சர்லாந்தின் மார்கோ ஓடர்மாட்டின் நேரம் 2 நிமிடம் 9.35 விநாடி. இடைவெளி 37.89 விநாடி. சதவீதமாகப் பார்த்தால் ஆரிஃப் சுமார் 29 சதவீதம் மெதுவாக வந்திருக்கிறார்.

29 சதவீதம் என்பது பெரிய இடைவெளி, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அன்று கடும் பனி கொட்டியது, பாதை சரியாகத் தெரியவில்லை. கிளம்பிய எண்பதுக்கும் மேற்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் போட்டியை முடிக்கவே இல்லை. ஆரிஃப் இரண்டு சுற்றையும் முடித்து 45-வது இடம் பிடித்தார். தரவரிசையில் கீழே இருப்பவர்கள் கடைசியில்தான் கிளம்ப முடியும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். முன்னால் போனவர்கள் கீறிவிட்டுப் போன தடத்தில்தான் அவர்கள் இறங்க வேண்டும்.

மூன்று நாள் கழித்து நடந்த ஸ்லாலத்தில் ஆரிஃப் முதல் சுற்றையே முடிக்கவில்லை. 'இந்திய வீரர் ஏமாற்றம்' என்று அதற்குத் தலைப்பு போடலாம். ஆனால் அதே பெய்ஜிங்கில், ஏற்கெனவே இரண்டு ஒலிம்பிக் தங்கம் வைத்திருந்த அமெரிக்காவின் மிகேலா ஷிஃப்ரின் மூன்று போட்டிகளை முடிக்கவில்லை. தனிநபர் மெடல் ஒன்றுகூட இல்லாமல் திரும்பினார். பனிச்சரிவில் ஒரு வளைவு தப்பினால் கதை முடிந்தது. அது முதலாவது ஆளுக்கும் நடக்கும், 45-வது ஆளுக்கும் நடக்கும்.

2018-ல் தென் கொரியாவின் பியோங்சாங்கில் ஜகதீஷ் சிங் 15 கிலோமீட்டர் கிராஸ் கன்ட்ரி போட்டியில் 103-வது இடம் பிடித்தார். கேட்பதற்கே சங்கடமான எண்தான். அவருக்குப் பின்னாலும் ஆட்கள் இருந்தார்கள். தொடக்க விழாவில் சட்டை இல்லாமல் எண்ணெய் பூசிக்கொண்டு கொடி தூக்கி உலகப் புகழ் பெற்ற டோங்காவின் பீட்டா டாஃபடோஃபுவா அதே போட்டியில் 114-வது. அவரை உலகம் கொண்டாடியது. ஜகதீஷின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

சரி, ஒலிம்பிக் வரை போவதே எப்படி?

பனிச்சறுக்கில் ஃபிஸ் என்ற சர்வதேச சம்மேளனம் ஒவ்வொரு போட்டிக்கும் புள்ளி கொடுக்கிறது. இது கிரிக்கெட் ரேங்கிங்குக்கு நேர் எதிர்: புள்ளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஜெயித்தவருக்கும் உங்களுக்கும் உள்ள நேர இடைவெளி, அந்தப் போட்டிக்கு வந்தவர்களின் தரம் இரண்டையும் வைத்துப் புள்ளி போடுவார்கள். சின்ன நாடுகளும் வர வேண்டும் என்பதற்காக, நாட்டுக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்ற அடிப்படை ஒதுக்கீடு உண்டு. ஆனால் அதற்கும் குறைந்தபட்சத் தகுதிப் புள்ளி வேண்டும். ஒரே ஒரு போட்டியில் நன்றாகச் செய்தால் போதாது, பல போட்டிகளின் சராசரி பார்ப்பார்கள்.

பணம் நுழையும் இடம் இதுதான். பல போட்டி என்றால் பல நாடு, பல விசா, பல ஃப்ளைட், பல வாரம் ஐரோப்பாவில் தங்கும் செலவு. குல்மார்கில் பனி இருப்பதே வருடத்தில் சில மாதம்தான். 2018 ஒலிம்பிக்கை ஆரிஃப் தவறவிட்டதற்கு அவர் சொன்ன காரணம் பணம். 2022-க்கு அவர் ஸ்லாலம் தகுதி பெற்ற இடம் எது தெரியுமா? துபாய். அங்கே மாலோடு ஒட்டியிருக்கும் செயற்கைப் பனி அரங்கம். ஜெயன்ட் ஸ்லாலம் தகுதி வந்தது மாண்டினீக்ரோவில். இமயமலை அடிவாரத்துப் பையன், பாலைவன நகரத்துக் கூரைக்கு அடியில் ஒலிம்பிக் டிக்கெட் வாங்கினார்.

பெய்ஜிங்குக்கு முன் மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் 'டாப்ஸ்' திட்டத்தில் ஆரிஃபுக்கு ஒதுக்கியது ரூ. 17.46 லட்சம். பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தயாரிப்புக்கு அரசு செலவழித்ததாகச் சொல்லப்படும் தொகை சுமார் ரூ. 470 கோடி. 117 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு சுமார் ரூ. 4 கோடி. இது நேருக்கு நேர் ஒப்பீடு கிடையாது. அந்த 470 கோடியில் தகுதி பெறாதவர்களின் பயிற்சி முகாம், பயிற்சியாளர் சம்பளம் எல்லாம் அடக்கம், காலமும் மூன்று வருடம். இருந்தாலும் இரண்டு தொகைக்கும் இடையே உள்ள தூரம் கண்ணுக்குத் தெரிகிறது. எதிர்பார்ப்பை மட்டும் இரண்டுக்கும் ஒரே அளவில் வைத்திருக்கிறோம்.

டெல்லியில் தேர்தல், சோச்சியில் போட்டி

நாட்டின் எதிர்பார்ப்பு என்றால் மெடல் மட்டும் இல்லை. நாட்டின் அரசியலையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கும். அந்தச் சுமை நம் வீரர்கள் மீது இரண்டு முறை நேரடியாக விழுந்தது. இரண்டு முறையும் முடிவு எடுக்கப்பட்டது டெல்லியில்.

முதலாவது 2014. தேர்தல் நடைமுறையில் அரசுத் தலையீடு இருக்கிறது என்றும், ஊழல் குற்றச்சாட்டு உள்ளவர்கள் போட்டியிடுகிறார்கள் என்றும் கூறி சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2012 டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தை இடைநீக்கம் செய்திருந்தது. ரஷ்யாவின் சோச்சியில் பிப்ரவரி 7-ம் தேதி தொடக்க விழா. சிவ கேசவன், ஹிமான்ஷு தாக்கூர், நதீம் இக்பால் மூவரும் மூவர்ணக் கொடி இல்லாமல், ஒலிம்பிக் கொடியின் கீழ் போனார்கள். தடை நீங்க சங்கத்துக்குப் புதிதாகத் தேர்தல் நடக்க வேண்டும். டெல்லியில் அந்தத் தேர்தல் நடந்தது பிப்ரவரி 9-ம் தேதி. தலைவராகத் தேர்வானவர் சென்னையைச் சேர்ந்த ஸ்குவாஷ் நிர்வாகி என். ராமச்சந்திரன். பிப்ரவரி 11-ல் தடை நீங்கியது.

கேசவனின் போட்டி? பிப்ரவரி 8, 9. அவர் 37-வது இடம் பிடித்து முடித்து இரண்டு நாள் ஆன பிறகுதான் கொடி திரும்பி வந்தது. தேர்தலை ஒரு வாரம் முன்னால் வைத்திருந்தால் போதும், தன் ஐந்தாவது ஒலிம்பிக்கில் அவர் சொந்தக் கொடியோடு நடந்திருப்பார்.

இரண்டாவது 2022. 2020 ஜூனில் கல்வானில் இந்திய வீரர்கள் 20 பேர் உயிரிழந்த மோதலில் இருந்த சீன ராணுவ அதிகாரி சி ஃபாபாவை, பெய்ஜிங் ஒலிம்பிக் சுடர் ஏந்த வைத்தது சீனா. தொடக்க விழாவுக்கு முந்தைய நாள், பிப்ரவரி 3-ல், இந்தியத் தூதரக அதிகாரிகள் தொடக்க, நிறைவு விழாக்களைப் புறக்கணிப்பார்கள் என்று வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. தூர்தர்ஷன் விழாக்களை நேரலை செய்யாது என்றும் அறிவிப்பு வந்தது. அந்த முடிவு சரியா தவறா என்பது வேறு விவாதம். ஆனால் மறுநாள் கொடியைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் நடக்க வேண்டியவர் ஆரிஃப் கான். சொந்த நாட்டுப் பொதுத் தொலைக்காட்சியில் வராத ஊர்வலத்தில் அவர் நடந்தார்.

எதிர்பார்ப்பு வீரரை என்ன செய்யும்?

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மெடல் நிச்சயம் என்று ஊரே நினைக்கும்போது வரும் அழுத்தம். 2012-ல் வில்வித்தையில் உலகின் நம்பர் 1 ஆக லண்டன் போன தீபிகா குமாரி, தனிநபர் பிரிவில் முதல் சுற்றிலேயே வெளியேறியது நினைவிருக்கலாம். பல வருடம் பழகி உடம்பில் ஊறிப்போன ஒரு அசைவை, 'தப்பு பண்ணிடக் கூடாது' என்று யோசித்து யோசித்துச் செய்தால் கை தடுமாறும். மேடையில் பேசும்போது திடீரென்று சொந்தக் கை எங்கே வைப்பது என்று தெரியாமல் போகிறதே, அதே விஷயம்தான்.

எதிர்பார்ப்பு எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்பதற்கும் பெய்ஜிங்கே உதாரணம். அமெரிக்காவில் பிறந்து சீனாவுக்காக ஆடிய இரண்டு பெண்கள். எய்லீன் கூ இரண்டு தங்கம், ஒரு வெள்ளி வென்று சீனாவின் செல்லப்பிள்ளை ஆனார். ஃபிகர் ஸ்கேட்டிங் வீராங்கனை ஜூ யி பனித்தளத்தில் விழுந்தார். அவர் விழுந்ததைப் பற்றிய ஹேஷ்டேக் சீன சமூக ஊடகமான வெய்போவில் 20 கோடிக்கும் மேல் பார்வைகளைத் தாண்டியது. வசை அளவுக்கு மீறிப் போகவே அந்த ஹேஷ்டேக்கையே எடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது வகை நமக்குப் பழக்கமானது: நான்கு வருடம் யாரும் கவனிக்க மாட்டோம், பிறகு இரண்டு வாரம் மட்டும் கணக்குக் கேட்போம். கேசவனின் கதை இதற்கு நல்ல சாட்சி. மணாலி பக்கம் வசிஷ்ட் கிராமத்தில் வளர்ந்தவர். 1998-ல் ஜப்பானின் நகானோவில் 16 வயதில் இறங்கினார். லூஜ் என்பது சின்னச் சறுக்குவண்டியில் மல்லாந்து படுத்து, ஐஸ் குழாய் மாதிரியான பாதையில் 100 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் இறங்குவது. இந்தியாவில் அதற்கு ஒரு டிராக் கிடையாது. சறுக்குவண்டிக்குச் சக்கரம் மாட்டி, லாரிகளும் ஆடுகளும் போகும் இமயமலைச் சாலையில் இறங்கிப் பழகினார். 2010 வான்கூவருக்கு முன் வண்டி வாங்க டெல்லியில் உச்ச நீதிமன்ற வழக்கறிஞர்கள் சிலர் பணம் திரட்டிக் கொடுத்தார்கள்.

ஆறு ஒலிம்பிக்கில் அவர் பிடித்த இடங்கள்: 28, 33, 25, 29, 37, 34. இந்த ஆறு எண்ணை மட்டும் சார்ட்டில் போட்டால் முன்னேற்றமே இல்லாத ஒரு கோடுதான் வரும். ஆனால் இதே ஆள்தான் 2011-ல் ஆசிய சாம்பியன் ஆனார், பிறகும் ஆசியத் தங்கங்கள் வென்றார். 2018-ல் ஓய்வு பெற்றார். அர்ஜுனா விருது வந்தது 2020-ல்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2018 ஜனவரியில் துருக்கியில் ஆஞ்சல் தாக்கூர் ஸ்லாலத்தில் வெண்கலம் வென்றார். சர்வதேசப் பனிச்சறுக்கில் இந்தியாவின் முதல் மெடல் என்று பிரதமர் முதல் எல்லோரும் வாழ்த்தினார்கள். உண்மையிலேயே நல்ல செய்திதான். ஆனால் அது ஃபிஸ் நடத்தும் போட்டிகளில் ஆரம்ப நிலைப் போட்டி என்பதை விளக்கிய செய்திகள் குறைவு. அடுத்த மாதம் நடந்த ஒலிம்பிக்குக்கு அவர் தகுதி பெறவில்லை. ஏறும்போது அளவுக்கு மீறி ஏற்றிவிட்டு, பிறகு 'என்ன ஆச்சு?' என்று கேட்பதும் ஒரு சுமைதான்.

மற்ற நாடுகள் எப்படி முதல் மெடலை எடுத்தன?

16 பேரின் கணக்கை விளையாட்டு வாரியாகப் பிரித்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. மலையில் இறங்கும் ஆல்பைன் பனிச்சறுக்கில் 11 பேர், கிராஸ் கன்ட்ரியில் 4 பேர், லூஜில் ஒருவர். ஸ்கேட்டிங், ஐஸ் ஹாக்கி, கர்லிங் போன்ற ஐஸ் ரிங்க் விளையாட்டுகளில் 2022 வரை ஒருவர்கூட இல்லை.

இப்போது மற்றவர்களைப் பாருங்கள்:

- சீனா குளிர்கால ஒலிம்பிக்குக்கு முதலில் வந்தது 1980-ல். முதல் மெடல் 1992-ல், ஸ்பீட் ஸ்கேட்டிங்கில். முதல் தங்கம் 2002-ல், ஷார்ட் டிராக் ஸ்கேட்டிங்கில்.
- தென் கொரியா 1948-ல் வந்தது. முதல் மெடல்கள் 1992-ல், ஸ்பீட் ஸ்கேட்டிங்கிலும் ஷார்ட் டிராக்கிலும்.
- ஆஸ்திரேலியா 1936-ல் வந்தது. முதல் மெடல் 1994-ல், ஷார்ட் டிராக் தொடர் ஓட்டத்தில்.

மூன்று நாட்டுக்கும் கதவு திறந்தது ஐஸ் ரிங்க்கில். காரணம் எளிது. மலையும் பனியும் இருக்கும் இடத்தில்தான் பனிச்சறுக்கு பழக முடியும். ஐஸ் ரிங்க்கை எந்த ஊரிலும் கட்டலாம், வருடம் முழுக்கப் பழகலாம், நூறு பிள்ளைகள் ஒரே தளத்தில் ஓடலாம். 2025 பிப்ரவரியில் ஹர்பின் ஆசியக் குளிர்கால விளையாட்டில் பிலிப்பைன்ஸ் ஆண்கள் கர்லிங் அணி, இறுதிப் போட்டியில் தென் கொரியாவைத் தோற்கடித்துத் தங்கம் வென்றது. பனியே விழாத நாடு!

காத்திருந்த காலத்தையும் கவனியுங்கள்: சீனாவுக்கு 12 வருடம், கொரியாவுக்கு 44, ஆஸ்திரேலியாவுக்கு 58. இந்தியா வந்து 60 வருடம் தாண்டிவிட்டது என்பது உண்மை. ஆனால் இடையில் 20 வருடம் யாருமே போகவில்லை, ரிங்க் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

நார்வேயின் விஷயம் வேறு மாதிரி. சுமார் 55 லட்சம் மக்கள், அதாவது சென்னையைவிடச் சின்ன நாடு. பெய்ஜிங்கில் 37 மெடல், அதில் 16 தங்கம். அங்கே குழந்தைகள் விளையாட்டுக்கு என்று விதிகள் இருக்கின்றன: 11 வயதுக்கு முன் போட்டி முடிவுகளைப் பட்டியல் போட்டு வெளியிடக் கூடாது, 13 வயதுக்கு முன் தேசிய சாம்பியன்ஷிப் கூடாது. உலகத்திலேயே அதிகக் குளிர்கால மெடல் வைத்திருக்கும் நாடு, தன் பிள்ளைகளிடம் சின்ன வயதில் மெடல் கேட்பதில்லை.

இந்தியாவில் இப்போது என்ன மாறியிருக்கிறது?

சில நல்ல மாற்றங்கள் இருக்கின்றன. 2020-ல் தொடங்கி லேயிலும் குல்மார்கிலும் 'கேலோ இந்தியா' குளிர்கால விளையாட்டுகள் நடக்கின்றன. 2025 ஹர்பின் போட்டிக்கு இந்தியா 59 வீரர், வீராங்கனைகளை அனுப்பியது. ஐந்து பிரிவுகளுக்கு அரசே முழுச் செலவையும் ஏற்றது. மெடல் வரவில்லை. ஆனால் ஒலிம்பிக்குக்கு இதுவரை போன 16 பேரோடு இந்த 59-ஐ வைத்துப் பாருங்கள். அடித்தளம் கொஞ்சம் அகலமாகி இருக்கிறது, அதில் ஸ்கேட்டர்களும் இருக்கிறார்கள்.

2025 ஜூனில் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் அய்னில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி வெண்கலம் வென்றது. அந்த அணியில் பெரும்பாலானவர்கள் லடாக் பெண்கள், உறைந்த குளங்களில் ஆடிப் பழகியவர்கள்.

2025 மார்ச்சில் இத்தாலியின் டூரினில் நடந்த ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் குளிர்கால விளையாட்டில் இந்தியா 33 மெடல் வாங்கியது: 8 தங்கம், 18 வெள்ளி, 7 வெண்கலம். அறிவுசார் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கான போட்டி அது. திறன் அளவுக்கேற்பக் குழு பிரித்துப் போட்டி நடத்துவார்கள் என்பதால் ஒலிம்பிக்கோடு ஒப்பிடக் கூடாது. ஆனால் பனியில் இந்தியர்கள் மெடல் வாங்கியதே இல்லை என்று யாராவது சொன்னால் இந்த 33-ஐச் சொல்லுங்கள்.

கவலைப்பட வேண்டியவையும் உண்டு. 2025 பிப்ரவரியில் குல்மார்கில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா போட்டிகள் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. காரணம், பனி போதவில்லை. 1920-ல் திறந்த சிம்லாவின் இயற்கை ஐஸ் ரிங்க்கும் குளிர் குறையக் குறைய பாதிக்கப்படுகிறது. டேராடூனில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டிய ஹிமாத்ரி ஐஸ் ரிங்க், பராமரிக்க முடியாமல் பல வருடம் பூட்டிக் கிடந்தது. 2025-ல் மறுபடி திறந்து, ஆகஸ்டில் ஆசிய ஓபன் ஷார்ட் டிராக் போட்டியை நடத்தினார்கள். டெல்லிப் பக்கத்துப் பிள்ளைகள் ஸ்கேட்டிங் பழகியது குருகிராமில் மாலுக்குள் இருக்கும் ரிங்க்கில். 2036 ஒலிம்பிக்கை நடத்த விண்ணப்பிக்கும் நாட்டின் தலைநகர்ப் பகுதியில் நிலைமை இதுதான்.

பிப்ரவரியில் எதைப் பார்க்கலாம்?

மெடல் பட்டியலைப் பாருங்கள், தப்பில்லை. கூடவே இந்த நான்கையும் பாருங்கள்:

1. இடைவெளி. இந்திய வீரருக்கும் ஜெயித்தவருக்கும் எத்தனை சதவீத நேர வித்தியாசம்? ஜெயன்ட் ஸ்லாலத்தில் பெய்ஜிங்கின் 29 சதவீதம்தான் ஆரம்ப அளவுகோல். அது 20 ஆனால், இடம் 45-லேயே நின்றாலும் முன்னேற்றம்தான். ஆனால் தளமும் வானிலையும் ஒவ்வொரு முறையும் மாறும் என்பதால் ஒரே போட்டியை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள்.

2. முடித்தாரா? பாதிப் பேர் முடிக்காத நாளில் முடித்து வருவதே ஒரு திறமை. முடிக்கவில்லை என்றால், அதே நாளில் பெரிய பெயர்கள் எத்தனை பேர் முடிக்கவில்லை என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

3. எத்தனை பேர், எந்த விளையாட்டு? ஒரு பெண் வீராங்கனை போனால் அவர் மூன்றாவது இந்தியப் பெண். ஒரு ஸ்கேட்டர் போனால் அவர்தான் முதல் இந்திய ஸ்கேட்டர். எந்த இடம் பிடித்தாலும் அது ஒரு தொடக்கம்.

4. மார்ச்சில் என்ன நடக்கிறது? விழா முடிந்த பிறகு அந்த வீரருக்கு அடுத்த வருடப் பயிற்சிப் பணம் உறுதியா? டேராடூன் ரிங்க் கோடையிலும் திறந்திருக்கிறதா? ஒலிம்பிக் இல்லாத வருடங்களில் பட்ஜெட் என்ன ஆகிறது?

நான்காவது கேள்விக்கு நோட்டிஃபிகேஷன் வராது. நாடாளுமன்றக் கேள்வி-பதில்களிலும் அமைச்சகத்தின் ஆண்டறிக்கைகளிலும் தேட வேண்டும். நாங்கள் தேடுவோம், நீங்களும் தேடலாம், எல்லாம் ஆன்லைனில் இருக்கிறது.

அதுவரை, குரூப்பில் அந்த '140 கோடி' கேள்வி வந்தால் 16 என்ற எண்ணை மட்டும் போட்டுவிடுங்கள். 'என்ன 16?' என்று கேட்பார்கள். அங்கிருந்து பேச ஆரம்பிக்கலாம்.